ஜீப் படத்தைப் பற்றி அத்தை சொன்னது

படக்கதை சொல்வதில் எங்கள் வீட்டு வரிசையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த வாயால் நான் செய்துவைத்த காரியத்தைச் சொல்லத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் பெர்மனென்ட் ஆட்கள். நாங்கள் வெளியே, கான்ட்ராக்ட் ஆட்கள் குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசையில் இருந்தோம். பத்து வீடு, ஒரே ஒரு குழாய். அப்பா ஒரு ரோடு கான்ட்ராக்டரிடம் லாரி மெக்கானிக். சுவர் ஒட்டிய அடுத்த வீட்டு மாமா அதே கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டினார். சொந்தம் எதுவும் இல்லை. அவர் மனைவி என் அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டாள், அதனால் எனக்கு அத்தை ஆனாள்.

அந்த மாமா செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு செம்மண் மேட்டிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மழையில் களியாகக் கிடந்த பாதையில் லாரி பிரேக்குக்கு நிற்காமல் வழுக்கியது. பாதி இறக்கத்தில் மாமா வண்டியைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்டார். லாரி உருண்டது. மாமாவை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, வாசலோடு எடுத்துப் போய்விட்டார்கள்.

"நேரா வுட்டிருந்தா கீழ சமதரையில தானா நின்னிருக்கும். இல்லன்னா கதவத் தொறந்து குதிச்சிருக்கலாம். ரெண்டும் தோணலைன்னா இன்னா அர்த்தம்?" என்று டீக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். என்ன அர்த்தம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார்கள். கல்யாண வீட்டில் கூடத் தொடாத மனுசன் என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். செத்துப்போன புருசனைப் பற்றி வேறு என்ன சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அவள் எல்லாரும் தண்ணீர் பிடித்துப் போன பின்னால்தான் குழாய்க்கு வந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் ஜீப் படம் வந்தது. இங்கிலீஷ் படம். பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஜீப் படம் என்றே ஆகிவிட்டது. பாலைவனத்தில், ரோடே இல்லாத இடத்தில், இருபது ஜீப்புகள் பந்தயம் ஓடும். நான் அப்பாவோடு சனிக்கிழமை பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை, ஒரு காட்சியும் மறக்கவில்லை.

படத்தைப் பற்றி எங்கள் வரிசையில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. தையல்காரருக்கு, கதாநாயகிக்கு ஒரு பாட்டு கூட வைக்கவில்லையே என்று தாங்கவில்லை. லாரி கிளீனர் ஒருவர், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி கொடுத்தால் நானும்தான் மணலில் ஏறுவேன் என்றார். எதிர்வீட்டுப் பெரியம்மா, இத்தனை புழுதியைப் பார்த்து வந்ததிலிருந்து தொண்டை கரகரக்கிறது என்று கஷாயம் வைத்துக் குடித்தாள். ஒரு காட்சியில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. உயரமான மணல் மேட்டில் கதாநாயகனின் ஜீப்புக்கு பிரேக் போய்விடும். அவன் கதவைத் திறந்து குதிப்பான், இரண்டு குட்டிக்கரணம் அடிப்பான், எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொள்வான். ஜீப் மட்டும் நேரே கீழே போய்ச் சிதறும். கொட்டகையே விசிலடித்தது.

அந்தக் காட்சியைப் பேச ஆரம்பித்தால் பேச்சு மாமாவிடம் போய்த்தான் நின்றது. "அவன் எப்படிக் குதிச்சான் பாத்தியா? நெதானத்துல இருந்தான், குதிச்சான்." டீக்கடையில் அப்பாவை வளைத்துக்கொண்டார்கள். மெக்கானிக் ஆயிற்றே, நீங்கள் சொல்லுங்கள், ஓடுகிற லாரியில் கதவு திறக்குமா திறக்காதா? அப்பாவுக்கு வண்டி விஷயத்தில் பொய் வராது. "தொறக்கும்" என்றார். டீக்கடைக்காரர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்பா பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பன்னை மென்றுகொண்டே போனேன்.

மறுநாள் குழாயடியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை குடத்தோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"எனக்கும் சொல்லு கண்ணு."

கேட்கவா வேண்டும்! கையைக் காலை ஆட்டி, ஜீப் மாதிரி உறுமி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேட்டுக் காட்சியில் அத்தை என்னை மேலே போகவே விடவில்லை. நேரே விட்டானா திருப்பினானா? எந்த இடத்தில் குதித்தான்? கதவு உடனே திறந்ததா? மூன்று முறை கேட்டாள். கதையின் ஓட்டமே கெட்டுப்போய் எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று அப்பா வேலை விட்டு வந்ததும் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தப் படத்துல குதிக்கிறானாமே. நெசமா கதவு தொறக்குமா?"

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் சினிமாப் புளுகு தங்கச்சி. லாரியில அந்த நேரத்துக்குக் கதவு சிக்கிக்கும். தொறக்கவே தொறக்காது."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்ன கதையைப் புளுகு என்கிறாரே! "ஐயோ அப்பா! டீக்கடையில தொறக்கும்னுதானே சொன்னீங்க?" என்று கத்தினேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாள் கன்றிப்போய் இருந்தது.  அத்தை அப்பாவையே பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, மேட்னிக்குப் போகிறேன், பிள்ளையைத் துணைக்கு அனுப்புங்கள் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா பதறிப்போனாள். "ரெண்டு மாசந்தான ஆவுது! சினிமாவுக்குப் போனா ஊரே சிரிக்குமே?"

"இப்ப மட்டும் இன்னா அண்ணி? சிரிச்சிக்கினுதான் இருக்குது."

அம்மா எனக்குத் தலை வாரிவிட்டு அனுப்பினாள்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. அத்தை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பந்தயம், கதாநாயகி, வில்லன் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. "வந்துடுச்சா? வந்துடுச்சா?" என்று என்னை இடித்துக்கொண்டே இருந்தாள். மேடு வந்ததும், இதோ அத்தை, என்றேன். இரண்டாம் தடவை பார்க்கும் தெனாவெட்டில் நான் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். கதாநாயகன் குதித்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையின் அடிப்பக்கத்தையே தேடினாள். எல்லாரும் விசிலடித்தார்கள். அத்தை எழுந்துவிட்டாள்.

"வா, போலாம்."

"இன்னும் பந்தயமே முடியல அத்தை!"

அவள் காதில் விழவே இல்லை. என் கையைப் பிடித்து வெயிலில் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். அழுதுகொண்டே போனேன்.

எங்கள் வாசலில் ஆண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர், தையல்காரர், கிளீனர், அப்பா. கொட்டகையிலிருந்து வருகிறவளைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. அத்தை நேரே அப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

"படத்துல கீழ ஒரு ஈ காக்கா இல்லண்ணே. வெறும் மணலு. அதான் நேரா வுட்டுட்டுக் குதிச்சிட்டான். நம்ம மேட்டுக்குக் கீழ யாரு இருந்தாங்க?"

கிளீனர் எழுந்து செருப்பைத் தேடினார். அப்பா கையிலிருந்த ஸ்ட்ரைக்கரைப் போர்டில் வைத்தார்.

"நாலு பேரு இருந்தோம் தங்கச்சி" என்றார். "இந்தக் கிளீனரு, நானு, இன்னும் ரெண்டு பேரு. சேத்துல மாட்டின வண்டிக்கு ஜாக்கி வச்சிக்கிட்டு இருந்தோம்."

கீழே ஆள் இருந்ததை வெளியில் சொல்லக் கூடாது, சொன்னால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் அன்றைக்கே நால்வரையும் மிரட்டியிருந்தார். நால்வரும் தலையாட்டியிருந்தார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தோம்.

"அப்ப அவரு குடிக்கல."

"இல்லம்மா. எங்களப் பாத்துட்டுதான் திருப்பினாரு."

"இத எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்கண்ணே."

அப்பா எழுந்து நின்றார். பத்து வீட்டு வாசலிலும் ஆள் வந்திருந்தது.  பிரேக்குக்கு நிற்காமல் லாரி வந்ததையும், மாமா ஒரு கையை வெளியே நீட்டி ஓடுங்கள் ஓடுங்கள் என்று கத்தியதையும், களிமண்ணில் கால் புதைந்து யாராலும் ஓட முடியாமல் போனதையும் சொன்னார். "குதிக்கணும்னா குதிச்சிருக்கலாம். எங்களுக்காகத்தான் குதிக்கல" என்றபோது அப்பா அழுதுவிட்டார். அதற்கு முன் நான் அவர் அழுது பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. அத்தை கடைசி வரை கேட்டாள். கேட்டு முடித்ததும் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா செத்த அன்று கூட அப்படி அழாதவள், அன்று அழுத சத்தம் சுவர் வழியாக எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. 

அந்த வாரமே அப்பாவுக்கு வேலை போனது. அப்புறம் பண்ருட்டியில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த கவலையெல்லாம் பாதியில் போன படம்தான். எல்லாரும் கலைந்த பிறகு, காய்கள் சிதறிக் கிடந்த கேரம் போர்டின் முன்னால் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "அத்தைக்குப் படம் புடிச்சிருந்துச்சாப்பா, புடிக்கலையா?" என்று கேட்டேன். அவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொன்னேன்.