வேனுக்கு அடியில் படுக்கும் நாய்

எங்கள் தெரு நாய்க்கு, இந்த ஓசூர் குளிருக்காக அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து வைத்தேன். வைத்த இடம்தான் தவறோ என்று மூன்று முறை மாற்றியும் பார்த்தேன். அது காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி வேனுக்கு அடியில்தான் போய்ப் படுக்கிறது. எஞ்சின் சூடு அப்படி.

இன்று வேன் கிளம்பியபோது, நாய் மயிரிழையில் தப்பியது.

தயங்கித் தயங்கி டிரைவரிடம் போனேன். "தம்பி, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஹார்ன் அடிங்களேன்."

"அடிச்சிட்டுதானே சார் இருந்தேன்? தூங்க முடியலைன்னு கம்பெனிக்கு லெட்டர் போட்டதே நீங்கதான். இப்ப அடிச்சா எனக்கு மெமோ."

உண்மைதான். மூன்று பக்கம், வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன்.

நாளை முதல் மஃப்ளர் கட்டிக்கொண்டு நானே போய், வேனின் தகரத்தைத் தட்டி அதை எழுப்ப வேண்டும். அந்தச் சத்தத்தைப் பற்றி யாராவது புகார் எழுதுவதாக இருந்தால் கேளுங்கள், என்னிடம் நகல் இருக்கிறது.