நாற்காலியில் இருந்தே எழுதிய வெப்பநிலை

எண்பதுகளில் சூளகிரிக்கு அப்பால், பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் நான் கிடங்கு அதிகாரி. வேதியியல் படித்தவன். பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளும் மருந்து ராணுவத்துக்குப் போகும்வரை எங்கள் கிடங்கில்தான் இருக்கும். அது சூடு தாங்காது. வெப்பம் கூடினால் உள்ளுக்குள் கெட்டு, தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே தினமும் இரண்டு வேளை உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். என் வேலையில் முக்கியமானது அதுதான்.

அலுவலகத்திலிருந்து கிடங்கு முக்கால் கிலோமீட்டர். வாசலில் தீப்பெட்டியையும் பெல்ட்டையும் கொடுத்துவிட்டு, ஆணி வைத்த செருப்பைக் கழற்றி, அவர்கள் தரும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் வருடம் ஒழுங்காகப் போனேன். பிறகு, சட்டை முதுகில் ஒட்டுவதை வைத்தே கிடங்கின் சூட்டைச் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இரண்டு முறை சோதித்தேன், சரியாக இருந்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டேன். இன்று இருபத்தெட்டு டிகிரி, நாளை இருபத்தொன்பதரை என்று, யாருக்கும் சந்தேகம் வராதபடி அலுவலக நாற்காலியில் இருந்தே மாற்றி மாற்றி எழுதினேன்.

ஒரு சித்திரை மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு வெடித்தது. எல்லோரும் கேன்டீனில் இருந்ததால் உயிர்கள் தப்பின. கூரை எங்கே போனதென்றே தெரியவில்லை.

புது இயந்திரங்களை நிறுவ ஐரோப்பிய நாடு ஒன்றிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்திருந்தார்கள். வெடிப்புக்கு முந்தின வாரம்தான் அவர்களில் ஒருவர் கிடங்கைப் படமெடுத்துக் காவலரிடம் மாட்டியிருந்தார். டெல்லியிலிருந்து வந்த விசாரணைக் குழு என் பதிவேட்டைப் புரட்டியது. வெப்பம் முப்பதைத் தொடவே இல்லை, அதனால் தானாகப் பற்றியிருக்க வழியில்லை, இது வெளிநாட்டுச் சதிதான் என்று முடிவு செய்தார்கள். குழுத் தலைவர் என் தோளைத் தட்டி, பதிவேடு மிகச் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

பொறியாளர்கள் இருவரையும் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். பதிலுக்கு அந்த நாடு நம் தூதரக அதிகாரி ஒருவரைத் திருப்பி அனுப்பியது. மீதி இயந்திரங்கள் பெட்டி பிரிக்கப்படாமல் சென்னைத் துறைமுகத்தில் கிடந்தன. எல்லாவற்றையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளில் படித்தேன்.

அந்த இருவருக்கும் உதவியாக இருந்தவர் கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஒரு பிட்டர். பாய் என்போம். அவர்கள் பாஷையைக் கூடக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தார். போகும்போது அவர்கள் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருந்தார்கள்.

"என்ன பாய், உங்க தொரைங்க பிளேன் ஏறிட்டாங்களாமே, உங்களுக்கு சீட்டு போடலியா?" என்று கேன்டீனில் ஒருவன் கேட்டான்.

"ஜன்னல் சீட்டு கேட்டேன், இல்லைன்னுட்டாங்க" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் என் அறைக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"சார், போலீசு என்னத்தான் தோண்டித் தோண்டிக் கேக்கறாங்க. வாட்ச்ச வாங்கி வச்சுக்கிட்டாங்க. அந்த வாரம் பைப்பு மாத்தப் போனப்ப கெடங்குச் செவுத்துல கை வைக்க முடியல சார், அப்படிச் சுட்டுச்சு. நீங்க தெனம் உள்ள போறவரு. அத நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"பதிவேட்டுல அப்படி இல்லியே, பாய்."

"பதிவேட்ட விடுங்க சார். சுட்டுச்சா இல்லியா?"

மேலாளர் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லி எழுந்து போனேன்.

மறுவாரம் அவரைக் கைது செய்தார்கள். பதினான்கு மாதம் சிறை. ஆதாரம் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். குற்றமற்றவர் என்று யாரும் எழுதித் தரவில்லை. தொழிற்சாலை அவரைத் திரும்ப எடுக்கவில்லை. பர்கூர் கிரானைட் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அங்கே குண்டு பாய் என்று கூப்பிட்டார்களாம், அதையும் விட்டார். கடைசியில் கிருஷ்ணகிரியில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்தார்.

சில வருடங்கள் கழித்து, நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி அந்தக் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கையெழுத்து போடலியே, சார்?"

"மொதல்ல நீங்க படிக்கணும்னுதான்..."

"படிச்சிட்டேன். போடுங்க. நாளைக்குப் பொண்ணப் பாக்க வர்றாங்க. இதே பேச்சால ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இதக் காட்டிக்கறேன்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி இருந்தது. ஓய்வூதியம் போய்விடும், அதுவரை பொறுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடினார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தார்.

"அப்ப இது எனக்கு ஆவாது சார்."

ஓய்வூதியம் வந்த பிறகு கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். கடையில் வேறு யாரோ இருந்தார்கள். குடும்பம் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், விலாசம் தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அன்று என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.