பாலத்துக்கு இந்தப் பக்கம்

"தூங்குனியா?" என்றுதான் எந்த டிரைவருக்கு எந்த லோடு என்று பிரித்துக்கொடுக்கும் டிரிப் அண்ணன் போனில் முதலில் கேட்பார். லோடு, வண்டி, வழி எல்லாம் அதற்கப்புறம். டிரைவர் "தூங்குனேண்ணே" என்று சொல்லும் தினுசிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். குரல் கனத்திருந்தால் பக்கத்து ஊர் லோடு. பளிச்சென்று வந்தால் தூரத்து லோடு. பதில் வரவே நேரமானால், "சரி, போய்ப் படு, சாயங்காலம் பேசலாம்" என்று வைத்துவிடுவார். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார். ஆனால் பதிலை வைத்துக்கொண்டு அவர் செய்ய ஒன்றுமில்லை. யார் எங்கே போவது என்பதை அவர் முன்னால் இருக்கும் திரை ஏற்கெனவே முடிவு செய்திருக்கும்.

லாரி ஷெட்டின் வாசலை ஒட்டிய கண்ணாடி அறை அவருடையது. ஆள் குட்டை, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது என்பதால் ஒரு பழைய பேட்டரியின் மேல் இரண்டு காலையும் வைத்திருப்பார். சட்டைப் பையில் மூன்று பேனா. ஒன்று எழுதும், மற்ற இரண்டும் இரவல் கேட்பவர்களுக்கு. "வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு கேட்டா முழிப்பாரு. எந்த லாரி எங்க நிக்குதுன்னு கேளுங்க, தூக்கத்துல சொல்லுவாரு" என்பது அவர் மனைவி தரும் நற்சான்று.

கம்பெனிக்கு செயற்கை நுண்ணறிவு வரப்போகிறது என்றபோது ஷெட்டில் எல்லோரும் அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். அவர் அசரவில்லை. வரட்டுமே என்றார். வந்தது. நியாயமாகச் சொன்னால் நல்லதும் செய்தது. வண்டிகள் காலியாகத் திரும்புவது குறைந்தது, டீசல் மிச்சமானது, டிரைவர்கள் சொன்ன நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவருடைய வேலையும் போகவில்லை. மெஷின் சொல்வதை டிரைவர்களுக்குப் போனில் சொல்லும் வேலையாக அது சுருங்கியது, அவ்வளவுதான்.

அந்த மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து பல வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய டிரிப்புகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, "இதை ஏன் சார் இவருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்பாள். வண்டியின் வயது, ரோட்டின் குணம், சரக்கு இறக்கும் இடத்தில் கேட்டைச் சாத்தும் நேரம் என்று அவர் மடமடவென்று சொல்ல, அவள் சளைக்காமல் தட்டிக்கொள்வாள். அவருக்கு உள்ளூர ஒரே பெருமை.

சில டிரிப்புகளுக்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. சகலைகள் இருவர் ஒரு சுவர்த் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். அவர்களை ஒரே இடத்துக்கு லோடு ஏற்ற அனுப்பமாட்டார். மாமியார் இருக்கும் ஊருக்கு லோடு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ஒருவருக்கு அந்த ஊரைத் தரமாட்டார். இதையெல்லாம் ஒரு படித்த பெண்ணிடம் காரணம் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நெட்டை விஷயத்தில் அவரைத் தடுத்தது வெறும் கூச்சமல்ல. நெட்டை என்பது ஷெட்டிலேயே உயரமான டிரைவருக்கு அண்ணன் வைத்த பெயர். பல வருடம் முன்னால் ஆற்றுப் பாலத்தில் போகும்போது, முன்னால் போன லாரி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து பாலத்தில் வண்டி ஏறினாலே நெட்டையின் கால் மரத்துப்போகும். "வெளியில தெரிஞ்சா வண்டிச் சாவியப் புடுங்கிடுவாங்கண்ணே. எனக்கு வேற தொழில் தெரியாது" என்று ஷெட்டின் பின்பக்கம் வைத்து அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கத்து லோடு மட்டும்தான் நெட்டைக்கு.

"இவரை மட்டும் ஏன் சார் ஆத்தைத் தாண்டி அனுப்பினதே இல்லை?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பழக்கதோஷம்மா. என் தப்புதான். அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க."

அவள் அப்படியே குறித்துக்கொண்டாள். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் மறைத்ததை, திருத்த வேண்டிய பிழை என்று மெஷின் எடுத்துக்கொண்டது.

முதல் வாரமே திரை சகலைகள் இருவரையும் ஒரே கிடங்குக்கு அனுப்பியது. அண்ணன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்களோ வரிசையில் நின்ற நேரத்தில் டீ குடிக்கப் போய், பேசி, சமாதானமாகி, தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். இத்தனை வருடம் அவர்களைப் பிரித்து வைத்தது நான்தானோ என்று அவருக்குச் சுருக்கென்றது. ஒருவேளை மெஷினுக்குத்தான் விவரம் அதிகமோ என்றும் அன்றைக்கு முதல்முறையாக நினைத்தார்.

பிறகு நெட்டைக்குப் பாலம் வந்தது. மெஷின் சொன்னதை மாற்றலாம், ஆனால் காரணம் தர வேண்டும். ஒருமுறை வண்டிப் பழுது என்று போட்டார். இன்னொருமுறை டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றார். அதையே திரும்பப் போட்டதும் மேலாளர் கூப்பிட்டு, "நெட்டைக்கு என்னங்க அடிக்கடி உடம்புக்கு? முழுசா ஒரு செக்கப் பண்ணிடலாமா?" என்று அக்கறையாகவே கேட்டார். "வேண்டாம் சார், இப்ப நல்லாயிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தார் அண்ணன்.

அடுத்த முறை பாலம் வந்தபோது அவர் மாற்றவில்லை. நெட்டையைக் கூப்பிட்டு, "அந்தச் சகலைங்களே ஒண்ணு சேர்ந்துட்டானுங்கடா. நாமதான் சும்மா பயந்துட்டு இருக்கோம். ஒரு தடவ போய்த்தான் பாரேன். நான் போன்லயே இருக்கேன்" என்றார்.  அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நெட்டை நம்பிப் போனார்.

"அண்ணே, பாலம் தெரியுது."

"மெதுவாப் போ. பக்கத்துல பாக்காத. நேரா பாரு."

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம். பிறகு அதுவும் இல்லை. பின்னால் ஒரு ஹார்ன், அதற்குப் பின்னால் பத்து ஹார்ன்.

"அண்ணே, கால் வர மாட்டேங்குது."

நடுப்பாலத்தில் நின்ற வண்டியை வேறு யாரோ ஏறி ஓட்டிக் கரைசேர்த்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நெட்டை இப்போது ஷெட்டை ஒட்டிய கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். கிடங்கின் கூரை தாழ்வு. குனிந்து குனிந்துதான் வேலை. அண்ணன் டீ குடிக்கக் கிடங்கு வழியாகப் போவதை விட்டுவிட்டு, வெயிலில் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார். வழியில் யாராவது காரணம் கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறார். அன்று அந்த மென்பொருள் கம்பெனிப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பேரைச் சொல்லாமலாவது சொல்லியிருக்கலாம் என்று மனைவியிடம் புலம்புகிறார். மேலாளர் அறையில் நடந்ததை மட்டும் மனைவியிடமும் சொல்லவில்லை.

பாலத்தில் வண்டி நின்றதற்கு மறுநாள் அந்த அறையில் இருந்தது மேலாளர், அண்ணன், நெட்டை என மூன்று பேர். வண்டிக்குள் இருக்கும் கேமரா எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் கிடையாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நெட்டை வேர்த்துக் கொட்டுவதும், உதடு அசைவதும் தெரிந்தன.

"யார்கூடப் பேசிட்டு இருந்தீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"வீட்டுக்கு சார்" என்றார் நெட்டை.

மேலாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "இவருக்கு இப்படி ஒரு பயம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

உண்மையைச் சொல்லத்தான் அண்ணன் வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்குத்தான் திறந்தார்.

"அண்ணனுக்கு எதுவும் தெரியாது சார்" என்று நெட்டை முந்திக்கொண்டார். "யார்கிட்டயும் நான் சொன்னதே இல்ல."

மேலாளர் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் திறந்த வாயை மூடினார். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார், ஒருமுறைக்கு இருமுறையாக.