கீழே ஒன்றும் இல்லாத பல்

தங்கச்சியின் கீழ் ஈறில், கடைசியில், அரிசி நொய் அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சோறு ஒட்டியிருக்கிறது என்று விரலால் தேய்த்தேன். போகவில்லை. கெட்டியாக, லேசாகக் கூராக விரலில் இடித்தது.

பல்!

ஒரு பல்லும் விழாமலே, பின்னால் காலியாக இருந்த இடத்தில் புதிதாக ஒன்று...

எனக்கு அப்போது பதினாறு வயது. கீர்த்திக்கு ஆறு. ஊரூர் குப்பத்தில் வீடு. அம்மா விடியும் முன்பே மீன் எடுக்க ஏலத்துக்குக் கிளம்பிவிடுவாள். கீர்த்திக்குப் பல் தேய்த்து, தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புவது என் வேலை. நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அவளை அனுப்பிவிட்டு அடையாறில் ஒரு பல் கிளினிக்குக்குப் போவேன். தரை துடைப்பது, ட்ரே கழுவுவது... எட்டு மாதத்தில் அங்கே நான் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். யாராவது பெயர் கேட்டாலே குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

கீர்த்தியின் முன்பற்கள் அப்போதே கறுத்திருந்தன. அம்மா மீன் விற்றுத் திரும்பும்போது தேன் மிட்டாய் வாங்கி வருவாள். கீர்த்தி அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிப்போவாள். நாள் முழுக்கப் பார்க்காத பிள்ளைக்கு அம்மா தருவது அது ஒன்றுதான். அதை எப்படி வேண்டாம் என்பது?

புதுப் பல்லை அம்மாவிடம் காட்டினேன்.

"அதுவும் வுழுந்து மொளைக்கிறதுதான். வுழப்போற பல்லுக்கு இன்னாத்துக்குடி சீவி சிங்காரிச்சிக்கினு கீற?"

நானும் சிரித்தேன். சரிதானே என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் கிளினிக்கில், கீர்த்தி வயதுப் பிள்ளை ஒன்றை அழைத்து வந்திருந்தார்கள். தாடை முழுக்கத் தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். எல்லாரும் வெளியே போன பிறகு, நாற்காலிக்கு அடியில் துடைக்க உள்ளே போனேன். படம் இன்னும் திரையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்...

வெளியே தெரிகிற சின்னப் பற்கள் ஒரு வரிசை. அதற்கு அடியில், எலும்புக்குள்ளேயே, இன்னொரு வரிசை! பெரிய பற்கள். ஒவ்வொரு சின்னப் பல்லுக்குக் கீழும் ஒன்று. சிலது நேராக, சிலது கொஞ்சம் சாய்ந்து, நெரிசலான பஸ்ஸில் இடம் பிடித்த மாதிரி.

மாப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தப் பிள்ளை ஊசி வேண்டாம் என்று அழுதது. அதன் முகத்துக்குள் இத்தனை பற்கள், சத்தம் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கின்றன. கீர்த்தி முகத்துக்குள்ளும் இப்படித்தானே... தினமும் நான் துடைத்துவிடுகிற அந்தக் குட்டி முகத்துக்குள்.

ஒவ்வொரு பல்லாக அடியில் பார்த்துக்கொண்டே போனேன். இதற்குக் கீழே ஒன்று. இதற்குக் கீழே ஒன்று. கடைசியில் இருந்த பல்லுக்குக் கீழே...

ஒன்றும் இல்லை.

கீர்த்திக்கு முளைக்கிற அதே இடம்.

என் நாக்கு தானாக என் வாயின் அந்த இடத்துக்குப் போனது. அங்கே எனக்குப் பல் இல்லை. பன்னிரண்டு வயதில் சொத்தையாகி, வலி தாங்காமல் பிடுங்கியது. "மறுபடி மொளைக்கும்" என்று அம்மா சொல்லியிருந்தாள். நாலு வருடமாகத் தினமும் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் உள்ளே வந்தார். எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

"மேடம்... இதுக்குக் கீழ மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அட, நீ பேசுவியா!" என்று சிரித்தார். பிறகு திரையைப் பார்த்தார். "ஆறு வயசுல வர்ற பல்லும்மா அது. விழுந்து மொளைக்கிறது இல்ல, அதுவே பெரிய பல்லு. பால் பல்லுன்னு நெனச்சு விட்டுடறாங்க. அது போனா போனதுதான்."

அன்று சாயங்காலம் அம்மா மிட்டாயை எடுத்தபோது, "தூங்கும்போது வாணாம்மா, சோத்துக்கு முன்னாடியே குடுத்துடு" என்றேன்.

"ஏன், புள்ளைக்கு ஒரு முட்டாயி குடுக்கக் கூடாதா? அங்க பினாயிலு ஊத்திக்கினு இருந்தா நீயும் டாக்டராடி?"

நான் வாயைத் திறந்து, அந்தக் காலி இடத்தைக் காட்டினேன்.

"இது மொளைக்கவே மொளைக்காதும்மா. அவளுக்காச்சும் இருக்கட்டும்."

அம்மா என் வாயையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கூடையைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்த கூடை.

மறுநாள் வந்ததும் வராததுமாகக் கீர்த்தியை நிற்கவைத்து மிட்டாயைக் கொடுத்தாள். "சீக்கிரம் மென்னு முழுங்கு. உங்கக்கா பிரஷ்ஷத் தூக்கிக்கினு வந்துருவா."

அப்படித்தான் பழகியது. காலையில் ஒரு தரம் பல் தேய்ப்பது, ராத்திரி சாப்பிட்டதும் ஒரு தரம். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். முளைக்கிற பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாக இருக்கும். நேராகத் தேய்த்தால் பிரஷ் அதைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே கொண்டுபோக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் கீர்த்தி என் விரலை இரண்டு தடவை கடித்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. நாலு மூலைக்கும் நாலு பெரிய பல். ஒன்றிலும் கறுப்புப் புள்ளி இல்லை. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது... அவளே தேய்த்துக்கொள்கிறாள். "ஆ" காட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். அந்த நேரத்தில் என் கைக்குத்தான் வேலை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். யாரையும் வாய்க்குள் பார்க்க விடாதவள்.

"ஏய், இங்க வா. எனக்கு உள்ள இன்னா கீதுன்னு பாரு. ரெண்டு நாளா வலிக்குது. சிரிச்ச, அவ்ளோதான்."

வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

நான் போனில் டார்ச்சைப் போட்டு, அவள் எதிரே உட்கார்ந்தேன்.