டிராம்போனால் இறங்கிய சராசரி

நெப்ராஸ்காவில் ட்வைலா படித்த பள்ளியில், கடினமான பாடத்தில் 'ஏ' வாங்கினால் ஐந்து புள்ளி. சாதாரணப் பாடத்துக்கு நான்குதான். பள்ளியிலேயே முதலிடம் பிடிக்க ஆசைப்பட்டவள், சாதாரணப் பாடமான பேண்டு வாத்திய வகுப்பில் 'ஏ' வாங்கினாலும் தன் சராசரி இறங்கும் என்று கணக்குப் போட்டு, தான் வாசித்துவந்த டிராம்போன் என்ற ஊதுவாத்தியத்தை விட்டுவிட்டாள்.

"நல்லா வாசிச்சா மார்க் குறையுதா? அப்ப மோசமா வாசிச்சுப் பாரேன்டி, ஏறுதான்னு பாப்போம்!" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் பள்ளி பேண்டு வாசித்தபோது, அவள் இடத்தில் டிராம்போனோடு நின்ற டஸ்டின் சுரத்துக்குச் சுரம் பிசகினான். பொறுத்துப் பார்த்த ட்வைலா பார்வையாளர் படிகளிலிருந்து இறங்கிப் போய், "குடுடா இங்க, காது வலிக்குது" என்று பிடுங்கி வாசித்தாள். திங்கட்கிழமையே வகுப்பில் மறுபடி சேர்ந்துகொண்டாள்.

கடைசியில் இரண்டாமிடம்தான் கிடைத்தது. பள்ளிப் பட்டமளிப்பன்று, முதலிடம் பிடித்தவர் ஆற்றியே தீரவேண்டிய உரையை முதலிடக்காரன் மேடையில் நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, ட்வைலா நிம்மதியாகக் கொட்டாவி விட்டாள்.