தரையிலிருந்து வாசலுக்கு

மின்சிகிச்சைப் பெட்டிக்கு ஒரு ரீங்காரம் உண்டு. சாதாரணமாகக் காதில் விழாது. நாலு மணி வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டும் நேரத்தில், படுத்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை விட்டு அரைத் தூக்கத்துக்குள் போகும்போது, அந்த அறையே மெல்ல முனகுவதுபோலக் கேட்கும். வெந்நீர்த் தொட்டியில் ஊறும் ஒத்தடப் பைகளிலிருந்து ஈரமண் வாசனை வரும். கட்டிலுக்கு வெளியே தொங்கும் கைகளில், நகக்கண்களில் அப்பியிருக்கும் அலுமினியத் தூள் வெயில் பட்டு மினுங்கும். வெள்ளி மீன்கள் கரையில் தூங்குவதுபோல என்று ஒருநாள் என் நோட்டில் எழுதினேன். பிறகு அது அளவீட்டு நோட்டு என்பதால் அடித்துவிட்டேன்.

இயன்முறை மருத்துவத்தில் எனக்கு அது கடைசி வருடம். ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசிச் சாலையில் எங்கள் கல்லூரி ஒரு சிறிய சிகிச்சை அறை வைத்திருந்தது. வாரம் இரண்டு நாள், ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேன் வேலை முடிந்த பெண்களை அங்கே இறக்கிவிடும். எல்லாருக்கும் இடுப்பு வலி. எலும்பில் கோளாறு இல்லை, நரம்பு நசுங்கவில்லை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து குனிந்தே இருப்பதால் வருகிற வலி. அதற்கு இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று ஒப்பிடுவது என் ஆய்வு. முதல் குழுவுக்கு ஒத்தடமும் மின்சாரமும். அதைப் பெண்கள் 'கரண்ட்' என்றார்கள். இரண்டாம் குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும். கரண்ட் முன்னறையில், என்னுடன் படித்தவள் பொறுப்பு. பயிற்சி பின்னறையில், என் பொறுப்பு. அச்சகத்தில் வெட்டி எறிந்த அட்டைத் துண்டுகளில் மஞ்சளும் நீலமுமாக எண் போட்ட சீட்டுகள் செய்து குலுக்கிக் கொடுத்தேன். மஞ்சள் கரண்ட், நீலம் பயிற்சி.

எனக்கு எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் மனம் அடங்கும். வலியையும் அப்படித்தான் எழுத நினைத்தேன். தாளில் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. இடது முனை வலியே இல்லை, வலது முனை தாங்கவே முடியாது. தன் வலி எந்த இடமோ அங்கே ஒரு புள்ளி வைக்க வேண்டும். தெரிந்த அச்சகத்தில் மை பரவி வீணான காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அந்தக் கோட்டை இலவசமாக அடித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் தாளை வாங்கியவுடன் எல்லாரும் அதைத் திருப்பிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முன்பக்கம் மாரியம்மன். புள்ளிகள் அத்தனையும் இடது முனையில் ஒண்டிக் கிடந்தன.

"என்னக்கா, போன வாரம் நிமிரவே முடியலைன்னீங்க?"

"ஆத்தா பாத்துக்கிட்டிருக்காளேம்மா. அவ முதுகுலயே எழுதி, தாங்க முடியலைன்னு அவகிட்டயே சொன்னா அவ என்ன நெனைப்பா?"

"கோவிச்சுக்கிட்டு அம்மைய எறக்கி விட்டுட்டான்னா, இருக்கன்குடிக் கோயிலுக்கு நீங்களா வந்து மன்னிப்புக் கேப்பீக?" என்றாள் இன்னொருத்தி. அறை சிரித்தது.

அடுத்த முறை வெள்ளைத் தாள் வாங்கி வந்தேன். புள்ளிகள் நடுவுக்கு நகர்ந்தன.

நீலச் சீட்டு விழுந்தவர்களில் ஒரு அக்கா இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் அவசரமே இருக்காது. தாளை வாங்கி, கோட்டை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இது ஆகாதும்மா. வலி எம்புட்டு இருந்தாலும் இருந்துட்டுப் போகுது. நான் சட்டுன்னு எந்திரிக்கணும். அதுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க."

அவர் வேலை செய்தது பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து அடைக்கும் அறையில். அந்த அறைகள் எப்படி இருக்கும் என்று எனக்குக் கையால் வரைந்து காட்டினார். தனித்தனிச் சிறு அறைகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் வெட்டவெளி. ஓர் அறையில் நாலு பேர், நாலு பக்கமும் வாசல், ஆளுக்கொரு வாசலை ஒட்டி உட்காருவார்கள். தீப்பொறி கண்ணில் பட்டால் எதையும் எடுக்கக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது, அவரவர் வாசல் வழியே ஓட வேண்டும். அவருக்கு எழுந்திருக்கவே ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து நிமிர வேண்டியிருந்தது.

"நான் பிந்துனா பரவாயில்லம்மா. எதுத்த வாசல்ல இருக்காளே, அவ என்னைய விட்டுட்டுப் போக மாட்டா. கைய நீட்டிக்கிட்டு நிப்பா. அதான் பயமாருக்கு."

எதிர் வாசலில் இருந்தவரும் அன்று வந்திருந்தார். இவரைவிட நாலைந்து வயது இளையவர், வாய் ஓயாதவர். அவருக்கு மஞ்சள் சீட்டு.

மூன்று வாரம் எல்லாம் கணக்காக நடப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். பின்னறையில் பாய் விரித்து, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது, மல்லாந்து படுத்து பாலம்போல இடுப்பை மட்டும் உயர்த்துவது, பூனைபோல முதுகை வளைத்து இறக்குவது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுப்பேன். அந்த நேரம் எனக்கு நீருக்கு அடியில் நடப்பதுபோல இருக்கும். ஆறு முதுகுகள் ஒரே மூச்சில் எழும், தாழும். வெளியே சாலையில் லோடு லாரிகள் போகும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்கும். நான் எண்ணிக்கொண்டிருப்பேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல ஒலிக்கும்.

அப்படி ஒரு மாலையில், நெஞ்சைச் சரியாகத் தூக்குகிறாரா என்று பார்க்க அக்காவின் முதுகில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது. ரவிக்கைக்குக் கீழே நாலு சதுரங்கள், லேசாகச் சிவந்து. கரண்ட் வைக்கும் பஞ்சுகளின் தடம்.

"அக்கா, முன்னறையில படுத்தீங்களா?"

அவர் பாயில் முகம் புதைத்துக்கொண்டார். கதவுப் பக்கமிருந்து அந்த இளையவர் எட்டிப் பார்த்தார்.

"அவள வையாதீக. என் சீட்டக் குடுத்து நாந்தான் படுக்கச் சொன்னேன். முன்ரூம்ல இருக்க டாக்டரம்மா மொகத்தப் பாக்காது, சீட்டு நம்பரத்தான் பாக்கும்."

"எத்தன நாளா?"

"மொத நாள்லருந்து."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன, சாப்பாட்டு நேரத்துல இவ சொல்லிக் குடுக்குற பூனை, பாலம் எல்லாம் செய்யுறேன். ரூம்லயும் இப்படித்தான்மா. ஒருத்திக்கு இடுப்பு பிடிச்சா அவ குனிய வேண்டியதையும் இன்னொருத்தி குனிஞ்சுக்குவா. இவளுக்குத்தான் சீக்கிரம் சொகமாகணும். ரெண்டும் சேந்தா சீக்கிரம் ஆகும்ல?"

பெரிய தப்பு எதுவும் செய்ததாக அவர் முகத்தில் இல்லை. நான் நோட்டைத் திறந்து, குழுவுக்கு ஒன்றாக அவர்கள் இருவர் பெயரையும் அடித்தேன். முன்னறைத் தோழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மேற்பார்வை செய்த ஆசிரியர், இடையில் விலகியவர்கள் என்று எழுதிவிடு என்றார். அவர்கள் விலகவே இல்லை. மற்ற எல்லாரையும்விட ஒழுங்காக வந்தார்கள். ஆனாலும் அப்படித்தான் எழுதினேன்.

பட்டியலிலிருந்து வெளியே போனதால் அவர்கள் இரண்டு பேருடன் எனக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. பின்னறைத் தரையில் சாக்பீஸால் பத்துக்குப் பத்து அடியில் ஒரு சதுரம் வரைந்தேன். எதிரெதிராக இரண்டு வாசல். அக்காவை அவர் வேலை செய்யும்போது உட்காருவதுபோலவே உட்காரச் சொல்லி, கையைத் தட்டினேன். செல்போனில் நொடி எண்ணினேன். தரையிலிருந்து எழுந்து வாசல் கோட்டைத் தாண்ட ஒன்பது நொடி. கரண்ட் வைத்துக்கொண்ட உடனே பார்த்தால் ஆறு. அடுத்த முறை வேனிலிருந்து இறங்கியதும் பார்த்தால் மறுபடி ஒன்பது. பெட்டி கொடுத்த சுகம், அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே இறங்கிவிட்டிருந்தது.

பயிற்சியை மாற்றினேன். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிவது. சம்மணத்திலிருந்து ஒரு பாதத்தை முன்னே வைத்து, கை ஊன்றாமல் தொடையின் பலத்தில் எழுவது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மடக்கி உட்காரும் காலை மாற்றுவது. கரண்டையும் விடவில்லை, வலி அடங்கிய அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பயிற்சியைச் செய்தால் கூடுதலாகச் செய்ய முடிந்தது. ஒன்பது ஏழாயிற்று. சில நாள் எட்டுக்குத் திரும்பியது. பிறகு ஐந்து. ஒரு மழைநாளில் நாலு.

"நாலா? மெய்யாவா சொல்றீக?" என்று கேட்டுவிட்டு, அக்கா வாசல் கோட்டுக்கு வெளியே நின்று தன் கால்களைக் குனிந்து பார்த்தார். புதிதாக வாங்கியவற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அன்று அவரே கேட்டார், இருவரும் சேர்ந்து ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று. இருவரும் அவரவர் வாசலை ஒட்டி, ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். மடியில் இல்லாத குழாய்களில் இல்லாத மருந்தை அடைப்பதுபோல விரல்கள் தாமாக அசைந்தன. மழைச் சத்தத்தில் பெட்டியின் ரீங்காரம் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே நெடுநேரம் காத்திருந்து, அவர்கள் என்னை மறந்தபிறகு கையைத் தட்டினேன்.

அக்கா எழுந்தார். கை தரையைத் தொடவில்லை. கோட்டைத் தாண்டி, நிற்காமல் சுவர்வரை போய், சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத்தான் திரும்பினார். நாலு நொடிகூட இல்லை.

இளையவர் அதற்கு முன்பே எழுந்துவிட்டிருந்தார். ஆனால் கோட்டுக்கு உள்ளேயே, சதுரத்தின் நடுவில், ஒரு கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஏடி, நீ ஏன் நின்ன?"

"நீ வரணும்ல."

"நாந்தான் எந்திரிச்சிட்டேன்ல."

"எந்திரிச்சியான்னு பாக்க வேண்டாமா? பாத்துட்டுத்தான போக முடியும்."

"பாக்காத. ஓடு."

"சரி, ஓடுறேன்."

இன்னொரு முறை செய்தார்கள். இன்னொரு முறை. மூன்றாவது முறை இளையவர் வாசலுக்குப் பாதி தூரம் போனார்; போய்த் திரும்பிப் பார்த்தார். நொடியைக் குறித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். அதற்கான பயிற்சி எதுவும் என்னிடம் இல்லை. அக்கா சுவரில் சாய்ந்து, ஈரக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார். இளையவர் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான ஓடுறோம் ரெண்டு பேரும். அப்புறம் என்ன மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு?"

அடுத்த வாரம் வேனிலிருந்து அவர்கள் தனித்தனியாக இறங்கினார்கள். ஒருவர் முன் கதவால், ஒருவர் பின் கதவால்.

"போர்மேன்ட்ட சொல்லி வேற ரூமுக்கு மாறிட்டேன்மா" என்றார் அக்கா, செருப்பைக் கழற்றியபடி. "அதே வேலைதான். நடுவுல ரெண்டு ரூம் தள்ளி. அவ ரூம்லருந்து பாத்தா நான் தெரிய மாட்டேன்."

"அவங்க கோவமா இருக்காங்களா?"

"பேசுறதில்ல. சாப்பாட்டுக்கும் வாறதில்ல. இருக்கட்டும்." செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அவளுக்குச் சின்னதா ஒரு பிள்ளை இருக்கு" என்றார்.

அவருடைய நாலு நொடி அப்படியேதான் இருந்தது. அன்றும் அளந்தேன், நோட்டில் எழுதினேன். அறை மாறாமலே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லவில்லை. சதுரத்துக்குள் நீட்டி நின்ற அந்தக் கையை நானும்தான் பார்த்திருந்தேன்.

சீட்டு முறையெல்லாம் அவர்களுக்கு முடிந்துவிட்டதால், முன்னறையில் இரண்டு கட்டில்களையும் அவர்களுக்கே கொடுத்தோம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. நாலு பஞ்சுகள் ஒரு முதுகில், நாலு பஞ்சுகள் மற்றதில். இளையவர் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவருடைய பின்னந்தலையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான் இரண்டு பெட்டிகளின் அளவையும் மெல்லக் கூட்டினேன். "இன்னும் வைக்கவா?" என்றதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "வைங்க" என்றார்கள்.

அறை முனக ஆரம்பித்தது. நான் சன்னலோரம் போய் நின்றேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது சுவரைப் பார்த்த முகம் திரும்பாமலே கேட்டது:

"அங்கன, புது ரூம்ல காத்து வருதா?"

"வருது" என்றார் அக்கா.