இதுக்குக் குளிராதுங்க

லேபில் வேலை பார்க்கிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு இருந்ததே கொஞ்சம். அதையும் ஒரு நாகலூர்க்காரர் ஒரே நாளில் காலி செய்தார்.

அவர் மகளுக்கு ஆறு வயது. மூன்று நாள் காய்ச்சலுக்கு மிளகுக் கஷாயத்தையே கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, வலிப்பு வந்த பிறகுதான் ஏற்காட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வலிப்பு ஊசியில் அடங்கியது. ஆனால் பிள்ளை பேசவில்லை. அம்மா கூப்பிட்டாலும் திரும்பவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

மூளையை வைரஸ் தாக்கியிருக்கலாம் என்று டாக்டர் மருந்தை உடனே ஆரம்பித்துவிட்டார். அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது எந்த வைரஸ் என்று தெரிந்தால்தான் முடிவாகும். அதற்கு முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சேலத்துப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் லேபில் அந்த வசதியெல்லாம் ஏது? பிள்ளையையே அனுப்பிவிடலாம் என்றால், அந்த நிலையில் அவளை மலைப்பாதையின் இத்தனை வளைவுகளில் இறக்க டாக்டருக்குப் பயம். இங்கேயே நீர் எடுத்தார். நான்தான் பிள்ளையைச் சுருட்டிப் பிடித்திருந்தேன். ஊசி இறங்கியபோது ஒரு முனகல்கூட இல்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி வழக்கம்போல ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நீர் எடுத்த டியூபை ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் போட்டு அப்பாவிடமே கொடுத்து, "பத்திரமா கொண்டு போங்க" என்றேன். அவரும் சேலம் பஸ் ஏறினார்.

மத்தியானம் சேலம் லேபிலிருந்து போன்.

"என்னங்க இது? பெட்டியில ஐஸ் மட்டும் இருக்கு. டியூபை ஸ்வெட்டருக்குள்ள இருந்து எடுத்துக் குடுக்கறாரு. கதகதன்னு இருக்கு. இதுல வைரஸ் இல்லைன்னு வந்தா, நிஜமாவே இல்லையா, சாம்பிள் கெட்டுப்போச்சான்னு நாங்க எப்படிச் சொல்றது? வேற எடுத்து அனுப்புங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்கா? ஐஸ்ல வச்சுக் குடுத்ததை எதுக்குங்க வெளிய எடுத்தீங்க?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். புள்ள ஏற்கெனவே காய்ச்சல்ல நடுங்கிட்டுக் கெடக்குது. அவ உடம்புத் தண்ணிய ஐஸ்ல போட மனசு வரலீங்க. பத்திரமான்னு சொன்னீங்களே, அதான் நெஞ்சோட வச்சுட்டுப் போனேனுங்க. எறங்கற வரைக்கும் கைய எடுக்கலீங்க."

இந்த மனுஷரை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டேன். ஐஸ் எதற்கு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை. அது எனக்கும் தெரிந்தது. அதை மறைக்கத்தான் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகத் திட்டினேன்.

மறுநாள் காலை அதே பிள்ளை, அதே முதுகு. இரண்டாவது தடவை குத்த, மறுபடியும் நான்தான் சுருட்டிப் பிடித்தேன். டாக்டர் மரத்துப்போகிற ஊசியைப் போட்டதுதான் தாமதம், என் வயிற்றில் ஓர் உதை விழுந்தது.

"உடுங்க! நொம்ப வலிக்குது! அப்பா!"

டாக்டர் கை அப்படியே நின்றது. கதவுக்கு வெளியிலிருந்து பிள்ளையின் அப்பா குரல் கேட்டது.

"ஏனுங்க... அது எம்புள்ள சத்தமுங்களா?"

"வேற யாரு, நானா கத்தறேன்?" என்று இங்கிருந்தே கத்தினேன். இரண்டு கையிலும் பிள்ளையைப் பிடித்திருந்ததால் கண்ணைத் தோளில்தான் துடைக்க முடிந்தது. "அழுவாத கண்ணு, ஆச்சு, ஆச்சு" என்றதற்கு இன்னோர் உதை கொடுத்தாள்.

இந்த முறை ஐஸ் எதற்கு என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேலம் வரை மூடியைத் தொடவே இல்லையாம். டாக்டர் சந்தேகப்பட்ட வைரஸ்தான் என்று அதற்கு மறுநாள் முடிவு வந்தது, மருந்தை நிறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து, பிள்ளை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்பா கையைப் பிடித்து நடந்தே பஸ்ஸுக்குப் போனாள்.

இப்போதும் கீழே சேலத்துக்குச் சாம்பிள் கொண்டு போகிற அப்பா அம்மாக்களிடம் நான்தான் பெட்டியைக் கொடுக்கிறேன். பத்திரமா என்று சொல்வதை விட்டுவிட்டேன். "இதுக்குக் குளிராதுங்க" என்றுதான் முதலில் சொல்கிறேன்.